கடைசி நான்கு நிமிடம் பார்க்காதவர்

கூடைப்பந்து ரசிகர்களில் பல இனங்கள் உண்டு. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிற இனம், புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற இனம், டிக்கெட் ஓசியில் கிடைத்தால் மட்டும் பக்தி பொங்குகிற இனம். இவர்களையெல்லாம் விட்டுவிடுங்கள். பாவம், யாருக்கும் தொந்தரவில்லாதவர்கள். நான் சொல்லப்போவது அபிப்பிராய ரசிகரைப் பற்றி. இவருக்கு ஆட்டத்தில் தெரியாத விஷயமே கிடையாது. கோச் எங்கே தப்புப் பண்ணினார், நடுவருக்குக் கண் எங்கே இருந்தது, எந்தப் பையனுக்குக் கால் சரியில்லை, எவனுக்குத் தலை சரியில்லை, எல்லாம் சொல்வார். ஆனால் நல்ல ஆட்டம் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்திருக்க மாட்டார். அதெப்படி என்கிறீர்களா? அதைத்தானே சொல்ல வருகிறேன்.

எங்கள் இண்டியானா மாநிலத்தில் இந்த இனம் சோளத்தைப் போல விளையும். எங்கள் ஊர் எல்க் கிரீக்கின் ஜனத்தொகை ஆறாயிரம். ஊர்க் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில் இருக்கை ஏழாயிரம். மிச்ச ஆயிரம் பேர் எங்கிருந்து வருவார்கள் என்று கட்டும்போது ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரை ஊரைவிட்டே துரத்தியிருப்பார்கள்.

இந்த ஊரில் வெண்டல் குரூஸ் என்பவருக்கு வயது ஐம்பத்தெட்டு. வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுதுபார்ப்பது தொழில். அபிப்பிராயம் சொல்பவருக்கு இதைவிட வாகான தொழில் உண்டா? ஜனவரிக் குளிரில் ஹீட்டர் நின்றுபோன வீட்டுக்காரர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்க நின்று, வெண்டல் எப்போது வாயை மூடித் திருகாணியைத் திருகுவார் என்று காத்திருப்பார். வெண்டலோ திருகாணியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவார்.

"இந்த சம்பளத்துக்கு ஆடற பசங்க இருக்கானுங்களே, நவம்பர்ல ஆட ஆரம்பிச்சு ஏப்ரல்லதான் ஓட ஆரம்பிக்கிறானுங்க. வருஷத்துக்கு எண்பத்திரண்டு ஆட்டம்! அதுல பெரிய ஆட்டக்காரனுக்கெல்லாம் பாதி நாள் ஓய்வாம். என்ன ஓய்வு? நான் கடுங்காய்ச்சலோட ரெண்டு ஹீட்டர் மாட்டினேன். எனக்கு எவன் ஓய்வு குடுத்தான்?"

"சரிங்க வெண்டல். இந்த ஹீட்டர்..."

"காலேஜ் பசங்க மட்டும் என்ன ஒழுங்கு? முன்னெல்லாம் நாலு வருஷம் ஒரே சட்டை போட்டாங்க. இப்ப இந்த வருஷம் ஒரு காலேஜ், அடுத்த வருஷம் இன்னொண்ணு. பேரை மனப்பாடம் பண்றதுக்குள்ள ஆளைக் காணோம்."

காலை ஆறு மணிக்கு டோனட் கடையில் இதே பேச்சு. எதிரில் விதைக்கடை ஹெர்ஷல், வெண்டலின் பள்ளிக்காலத்து நண்பர். நாற்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, வெண்டல் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் வாய் திறக்கப் பழகியவர்.

வெண்டலின் ஆயிரம் அபிப்பிராயங்களில் இரண்டை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, ஃப்ரீ த்ரோ. எதிராளி தப்பாக மோதினால், மறிக்க ஆளில்லாமல் கோட்டில் நின்று நிதானமாகக் கூடையில் போடக் கிடைக்கும் வாய்ப்பு அது; விழுந்தால் ஒரு புள்ளி. உலகமே அதைத் தலைக்கு மேலிருந்து ஒரு கையால் எறிகிறது. வெண்டல் மட்டும், பந்தை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து கீழ்வாக்கில் தூக்கிப் போடவேண்டும் என்பார்.

"அந்தக் காலத்துல அப்படித்தான்யா போட்டாங்க. பந்து பூ மாதிரி போய் விழும். இப்ப ஏன் போடமாட்டேங்குறானுங்க? வெக்கம்! கெழவி போடற மாதிரி இருக்காம். தோத்தாலும் பரவால்லியாம், அழகாத் தோக்கணுமாம்!"

இந்த அபிப்பிராயத்தை எல்க் கிரீக்கில் ஒரு ஈ காக்கைகூட ஏற்றுக்கொண்டதில்லை. கல்லூரிக்கு மூன்று கடிதம் போட்டார். பதிலில்லை. சொந்த மகள் மார்லியையே பன்னிரண்டு வயதில் வீட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டிய கூடைக்கு முன் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். "ஐயோ அப்பா, அசிங்கமா இருக்கு!" என்று அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

இரண்டாவது, விடைபெறும் ஆட்டம். கல்லூரியில் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு ஊரில் நடக்கும் கடைசி ஆட்டத்தன்று, பெற்றோரைக் களத்துக்கு நடுவே அழைத்து, அம்மாவுக்குப் பூங்கொத்துக் கொடுத்து, வருஷம் முழுக்க பெஞ்சைத் தேய்த்த பிள்ளையையும் முதல் ஐவரில் இறக்கி அழகு பார்ப்பது வழக்கம். ஊரே மூக்கைச் சிந்தும். வெண்டலுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். "பெஞ்சுல உக்காந்தவன் பெஞ்சுல உக்காந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு" என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கே எழுதினார். அதைப் பிரசுரம் வேறு செய்துவிட்டார்கள்.

இனி, அவர் முழு ஆட்டம் பார்க்காத கதைக்கு வருவோம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், டிவியில் ஒரு ஆட்டம் இழுபறியாக இருந்தபோது, வெண்டல் நாயை வெளியே விட எழுந்துபோனார். திரும்பி வருவதற்குள் நம் அணி ஜெயித்திருந்தது. அடுத்த வாரம் உட்கார்ந்து பார்த்தார். தோற்றது. அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டது: அவர் பார்த்தால் அணி தோற்கும். அன்றிலிருந்து, கடைசி நான்கு நிமிடம், வித்தியாசம் ஐந்து புள்ளிக்குள் என்றால், வெண்டல் கார் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மனைவி லோரெட்டா வீட்டுக்குள்ளிருந்து சுவரில் தட்டுவாள். ஒரு தட்டு நல்ல சேதி, இரண்டு தட்டு கெட்ட சேதி. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் அணிகள் ஜெயித்த பெரிய ஆட்டங்களையெல்லாம் அவர் காது வழியாக, சுவர் வழியாக, குளிரில் விறைத்துப்போய்ப் புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துதான் அனுபவித்திருக்கிறார்.

மறுநாள் டோனட் கடையில் மட்டும், கடைசி ஷாட்டில் பந்து எந்த விரலை விட்டுப் போனது என்பதுவரை விவரிப்பார். ஊருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். வெண்டலே பெருமையாகச் சொல்லிச் சொல்லி, ஊரும் நம்ப ஆரம்பித்துவிட்டது. அதுதான் வினையாயிற்று.

மகள் மார்லி உள்ளூர்க் கல்லூரிப் பெண்கள் அணியில் சேர்ந்தாள். உதவித்தொகை இல்லை, விளையாட்டும் இல்லை. நான்கு வருஷம் பெஞ்சு, தண்ணீர் பாட்டில், துண்டு. தோற்கிற ஆட்டத்திலும் ஜெயிக்கிற ஆட்டத்திலும் ஒரே மாதிரி எழுந்து நின்று கைதட்டிய பெண். சீசன் முடிகிற வாரம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, சனிக்கிழமை விடைபெறும் ஆட்டம். கோச் என்னை முதல் அஞ்சுல இறக்குறாங்க."

வெண்டல் வாயைத் திறந்தார். ஒரு அபிப்பிராயமும் வரவில்லை.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடைசி வரைக்கும் இருங்க. எழுந்து போயிடாதீங்க. நான் ஆடி நீங்க ஒரு தடவ முழுசாப் பாக்கணும்."

"இருக்கேன்டா கண்ணு. சத்தியமா இருக்கேன்."

மறுநாள் காலை ஹெர்ஷல் டோனட்டைக் காபியில் தோய்த்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டா வெண்டல், பெஞ்சுப் பிள்ளைங்களை இறக்குறாங்களாம். இந்த வருஷம் பத்திரிகைக்குக் கடுதாசி எழுதலியா?"

"அவ வேற" என்றார் வெண்டல்.

"எப்படி வேற?"

"அவளுக்கு ஆட்டம் தெரியும்யா!"

கடைக்காரி முதற்கொண்டு சிரித்தார்கள். வெண்டலும் அசடு வழிந்தார்.

சனிக்கிழமை மதியம். ஜெயித்தால் மண்டலக் கோப்பை. ஏழாயிரம் இருக்கையும் நிரம்பிவிட்டது. லோரெட்டா பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்லி முதல் ஐவரில் இறங்கினாள், மூன்று நிமிடம் ஓடினாள், பந்து ஒருமுறைகூடக் கைக்கு வரவில்லை, பிறகு பெஞ்சுக்குத் திரும்பினாள். வெண்டல் கைதட்டிய தட்டில் உள்ளங்கை சிவந்துபோயிற்று. அந்த மூன்று நிமிடம் அவருக்குப் போதும். அதற்குமேல் அவர் ஆசைப்படவில்லை.

ஆனால் ஒன்பது புள்ளி முன்னிலை ஏழாயிற்று, ஐந்தாயிற்று, கடைசி நான்கு நிமிடத்தில் ஒன்றாயிற்று. வெண்டல் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் முதுகில் ஒரு விரல் குத்தியது.

"டேய், இன்னும் என்னடா உக்காந்திருக்கே?" என்றார் பின்வரிசை ஹெர்ஷல். "எழுந்து போடா!"

"மகளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"கோப்பை போகுதுடா!"

இரண்டு வரிசை தள்ளி ஒரு அம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு, "மிஸ்டர் குரூஸ், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்" என்று கெஞ்சினாள். மூட்டுவலியும் விதியும் ஆண்டவன் கையில் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்கிற பாதிரியாரே திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கு ஓதியது ஊர் திருப்பி ஓதுகிறது, என்ன செய்வார்?

"உக்காரு வெண்டல்" என்றாள் லோரெட்டா. "அவங்க கெடக்குறாங்க."

உட்கார்ந்தார். நம் அணி பின்தங்கியது. இரண்டு பெண்கள் ஆளுக்கு ஐந்து தப்புச் சேர்ந்துபோனதால் விதிப்படி வெளியேறினார்கள். மூன்றாமவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். கோச் பெஞ்சின் கோடிவரை பார்த்தாள். துண்டைக் கீழே வைத்துவிட்டு மார்லி எழுந்தாள். இருபது வினாடி மிச்சம், ஒரு புள்ளி குறைவு.

அந்த நிமிஷத்தில் வெண்டல் எழுந்துவிட்டார். ஊருக்காக அல்ல, கோப்பைக்காகவும் அல்ல. தன் கண் பட்டு அவள் தவறவிட்டுவிட்டால்? அந்த ஒரு பயம்தான். "என் பொண்ணுக்குக் கெடுதல் பண்ணமாட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே, யார் காலை மிதிக்கிறோம் என்று பார்க்காமல், வெளித் தாழ்வாரத்துக்கு ஓடிப்போய்ப் பாப்கார்ன் இயந்திரத்துக்கு முன்னால் களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பாப்கார்ன் விற்கும் அம்மாளுக்குக் கதவு இடுக்கு வழியாகக் களம் தெரியும்.

"உங்க பொண்ணுகிட்ட பந்து... ஐயோ, மோதிட்டாங்க! ரெண்டு ஃப்ரீ த்ரோ! வாங்க, வந்து பாருங்க!"

"சொல்லாதீங்க! ஒண்ணும் சொல்லாதீங்க!"

அரங்கம் அடங்கியது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு. ஏழாயிரம் பேரில் பாதிப்பேர் சிரித்தார்கள். என் பெண்ணைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறார்கள்? வெண்டல் திரும்பிப் பார்க்கப் போனார். கழுத்தைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டார். சிரிப்பு சட்டென்று நின்றது. அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஆரவாரம். மறுபடி அமைதி. மறுபடி ஆரவாரம். பாப்கார்ன் அம்மாள் கையிலிருந்த பாப்கார்னையெல்லாம் வெண்டல் தலையில் கொட்டிவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம், மார்லி உடை மாற்றி வருவதற்குள், ஊரே அவருக்குக் கைகொடுத்தது. "நீ போனதாலதான்டா ஜெயிச்சோம்" என்று ஹெர்ஷல் முதுகில் அறைந்தார். வெண்டல் ஏதோ அந்த இரண்டு பந்தையும் தானே போட்ட மாதிரி நடந்தார். ரொட்டிக்கு நடுவே, ரொட்டியைவிட இரண்டு மடங்கு அகலமாகப் பன்றி இறைச்சி வறுத்து வைத்துத் தரும் கடையில் அப்பா, அம்மா, மகள் மூவரும் உட்கார்ந்தார்கள். மார்லியின் முகம் இன்னும் சிவந்திருந்தது.

"பாத்தீங்களாப்பா?"

லோரெட்டா தட்டைக் குனிந்து பார்த்தாள். வெண்டல் தொண்டையைச் செருமினார். ஆமாம் என்று ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நாற்பது வருஷப் பழக்கம் விடுமா?

"பாத்தேனே! பிரமாதம். முழங்கைதான் கொஞ்சம் வெளிய போயிடுச்சு. தலைக்கு நேரா வெச்சு எறியணும்."

மார்லி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் தலைக்கு மேலேர்ந்து எறியலப்பா. கீழேர்ந்து போட்டேன். ரெண்டு கையால. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி."

வெண்டல் தட்டிலிருந்த ஊறுகாய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கிறிஸ்மஸ்லேர்ந்து கொட்டகைல தனியாப் பழகினேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் மேல உங்க பக்கம் பாக்கவே இல்ல, பாத்தா அழுதுடுவேன்னு. நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்கங்கற தைரியத்துலதான் போட்டேன்."

நாற்பது வருஷத்தில் ஆயிரம் அபிப்பிராயம். அவற்றில் ஒரே ஒன்றை, இந்த உலகத்தில் ஒரே ஒருத்தி, ஊர் சிரிக்கச் சிரிக்க நம்பி நடத்திக் காட்டினாள். அந்த நேரத்தில் வெண்டல் குரூஸ் சோளம் பொரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுதார். கடையில் எல்லார் முன்னாலும், வாயில் ஊறுகாய்த் துண்டோடு அழுதார். மார்லி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் படம் எடுத்து வெச்சிருக்கேன். இப்பவாவது பாரு" என்று லோரெட்டா போனைத் தள்ளினாள்.

வெண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கோட்டில் மார்லி. பந்து இரண்டு கையிலும். முழங்கால் மடிகிறது, கைகள் கீழே போகின்றன, மேலே எழும்புகின்றன, பந்து விரலை விட்டுக் கிளம்புகிறது. டபக்கென்று போனைக் குப்புறக் கவிழ்த்தார்.

"என்னப்பா?"

"வேணாம்மா. ஜெயிச்ச ஆட்டம். நான் பாத்து எதுக்கு வம்பு?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் பன்னிரண்டு ரன் வேண்டும் என்றதும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது யார் என்று உங்கள் வீட்டில் நான் விசாரிக்க மாட்டேன். "அசையாதே, நீ எழுந்தா விக்கெட் விழும்" என்று விருந்தாளியை மூத்திரம் போகவிடாமல் உட்கார வைத்தது யார் என்றும் கேட்க மாட்டேன். பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளை மேடையேறியதும் தடுமாறிவிடுவானோ என்று கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வந்து உச்சரிப்பில் குறை சொன்னவர் நீங்களாகவே இருக்கட்டும், எனக்கென்ன? ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். நீங்கள் அந்த நாற்காலியில் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில், மேலே நிமிர்ந்து பார்க்காமல், அங்கே ஒரு பிள்ளை பந்தைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறது.