பல்லி ராணியின் வால் சம்பந்தமாக

பொதுமக்கள் சந்தோஷமாக இருப்பதில் நிர்வாகத்துக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது. அந்தச் சந்தோஷம் உரிய வாசல் வழியாக, ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும் என்பது மட்டுமே அதன் விருப்பம். ஆகவே, நகரத்தில் முதல் முறையாக அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன், சித்திரக்கதை ரசிகர் மாநாடு நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், கண்காட்சி மண்டபத்தின் மற்ற வாசல்களை எல்லாம் பூட்டிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றின் குறுக்கே ஒரு மேஜையைப் போட்டு, மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரியையும் போட்டது.

அன்று காலை அந்த வரிசையில் வந்து நின்றவர்களில் ஒருவர் பல் டாக்டர்.

அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்குவதில் நல்ல பெயர். பகலெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ‘பல்லி ராணி’ பார்ப்பார். ஆபத்து வந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு மறைந்து, புது வால் முளைத்ததும் திரும்பி வந்து எதிரிகளைத் துவம்சம் செய்யும் ஒரு ராணியின் கதை அது. படமாகவும் உண்டு, புத்தகமாகவும் உண்டு. இரண்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த விஷயம் கிளினிக்கில் யாருக்கும் தெரியாது. வால் வைத்துக்கொண்டு திரிகிற டாக்டரிடம் வாயைத் திறக்க யாருக்குத் தைரியம் வரும்?

மாநாட்டின் வேஷப் போட்டிக்காகக் கிடைத்த நேரத்தில் எல்லாம் உட்கார்ந்து அந்த வாலைச் செய்திருந்தார். உள்ளே ஸ்பாஞ்சு, மேலே பச்சைத் துணி, துணிமேல் செதில்கள். செதிலுக்கு எதையெதையோ வெட்டிப் பார்த்துச் சரிப்படாமல், கடைசியில் கிளினிக்கில் குவிந்து கிடந்த பழைய பல் எக்ஸ்ரே பிலிம்களை நறுக்கித் தைத்தார். வெளிச்சத்தில் பிடித்தால் அசல் பல்லித் தோல் மாதிரியே மினுங்கியது. ஆளைவிட நீளம். தனியாகத் தூக்க முடியவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் ஆடிட்டர். சாதுவான மனிதர். “வாலை நீங்க தூக்கிட்டு வரணும்” என்றபோது, “எந்தப் பக்கம் பிடிக்கணும்?” என்று மட்டும் கேட்டார்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. டாக்டருக்கு முன்னால் ஒரு ரோபோ நின்றது. அட்டைப்பெட்டிக்கு வெள்ளிக் காகிதம் ஒட்டிச் செய்த ரோபோ. உள்ளே இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். காலடியில் சக்கரம் இருந்ததால் அது வாகனம் என்று முடிவாகி, ஹாரன் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. வாயாலேயே அடித்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

ரோபோவுக்கு அடுத்து, முதுகில் பெரிய வெள்ளைச் சிறகு கட்டிய ஒரு வங்கி மேனேஜர்.

“உள்ள பறக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க” என்றார் மேஜை அதிகாரி.

“எனக்குப் பறக்கத் தெரியாதுங்க.”

“அதான் கேக்கறேன். தெரியாம பறந்துட்டா?”

மேனேஜர் யோசித்துப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

டாக்டரின் முறை வந்தது. முகத்தில் பச்சைச் சாயம், தலையில் கிரீடம், பின்னால் கணவர், கணவர் கையில் வால். அதிகாரி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது என்னம்மா?”

“வால் சார்.”

“யாரோடது?”

“என்னோடதுதான்.”

“உங்களோடதுன்னா அவர் எதுக்குத் தூக்கிட்டு நிக்கிறார்?”

“கனமா இருக்கு சார். மேடைக்குப் போறப்ப மாட்டிப்பேன்.”

“அப்ப இப்போதைக்கு உடம்போட சேராத வால். தனி உருப்படி.” அதிகாரி வாலை விரலால் குத்திப் பார்த்தார். “உயிர் இருக்கா?”

“ஸ்பாஞ்சு சார் இது.”

“உயிர் இல்லைங்கிறீங்க. அப்ப செத்த வால்.”

“செத்ததில்ல சார். அது உயிரோடவே இருந்ததில்லை.”

“உயிரோட இல்லாம எப்படிம்மா சாகும்?” என்று அதிகாரி இரக்கத்தோடு கேட்டார். “படிச்சவங்க மாதிரி தெரியுது. எதுல செத்துச்சுன்னு சொல்லுங்க. தொத்து வியாதியா இருந்தா உள்ள இத்தனை ஜனம் இருக்கு.”

டாக்டர் கணவரைப் பார்த்தார். கணவர் வாலைப் பார்த்தார். வால் யாரையும் பார்க்கவில்லை. விஷயம் தன் அதிகார எல்லையை மீறிவிட்டது என்று கண்டுகொண்ட அதிகாரி, போன் போட்டுக் கால்நடை ஆய்வாளரை வரவழைத்தார்.

ஆய்வாளர் எங்கோ மாடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே ரப்பர் பூட்ஸோடு வந்து சேர்ந்தார். கடமையே கண்ணான மனிதர். வாலைத் தரையில் நீட்டிப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு ஒரு செதிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் சட்டென்று பின்வாங்கினார்.

“வாலுக்குள்ள பல் இருக்கு!”

வரிசை ஓரடி தள்ளி நின்றது.

“அது எக்ஸ்ரே சார். என் பேஷண்டுங்களோட பல்” என்றார் டாக்டர். இதைச் சொன்ன பிறகு வரிசை இன்னும் ஓரடி தள்ளி நின்றது.

“வாலில் பல் உள்ள பிராணி எதையும் நான் படிச்சதில்லை. இது என்ன இனம்?”

“பல்லி ராணி.”

“ஆதாரம்?”

டாக்டர் கைப்பையிலிருந்து முதல் பாகத்தை எடுத்து நீட்டினார். ஆய்வாளர் அதை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு அறிக்கையைப் படிப்பதுபோல நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். உள்ளே ஒலிபெருக்கியில் போட்டியாளர்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்கு வேர்த்தது. பச்சைச் சாயம் கழுத்தில் இறங்கியது. இத்தனை காலம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர், இன்றுதான் நாலு பேர் முன்னால் ராணியாக நிற்கப்போகிறோம் என்று முந்தின ராத்திரி தூங்கவே இல்லை.

“சார், கொஞ்சம் சீக்கிரம்…”

“ரெண்டாம் பாகம் இருக்கா?” என்றார் ஆய்வாளர், தலையைத் தூக்காமல்.

டாக்டரிடம் இல்லை. வரிசையில் கேட்டு வாங்கினார்கள். மூன்றாம் பாகம் பின்னால் நின்ற ஒரு பூனைமுகப் பெண்மணியிடம் கிடைத்தது. நான்காம் பாகத்தில் ஆய்வாளர், “அடப்பாவி, சேனாதிபதியா காட்டிக் குடுத்தான்!” என்று தொடையில் அறைந்தார். ஐந்தாம் பாகத்தில் ராணி வாலை இழக்கும் கட்டத்தில் மூக்கை உறிஞ்சினார். பிறகு எழுந்து, பூட்ஸைத் தட்டிவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

“இது செத்த வால் இல்லை. கழன்ற வால். ராணி உயிரோட இருக்கிறவரைக்கும் இதுக்குச் சாவு கிடையாது. தாராளமா உள்ள போகலாம்.”

வரிசையே கைதட்டியது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலை எடுத்து வைத்தார்.

“வால் போகலாம்னேன்” என்றார் ஆய்வாளர். “நீங்க எப்படிப் போவீங்க? வால் கழன்றதும் ராணி எங்க போறா?”

“மறைஞ்சு போயிடுவா.”

“எது வரைக்கும்?”

“புது வால் முளைக்கிற வரைக்கும்” என்றார் டாக்டர், குரல் இறங்கி.

“கழன்ற வாலும் ராணியும் ஒரே இடத்தில இருந்ததா எந்தப் பாகத்திலயாவது வருதா? நீங்களே சொல்லுங்க.”

டாக்டர் எல்லாப் பாகங்களையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். ஆய்வாளர் சொன்னது சரி. வேறு யாராவது வாலைக் கழற்றியும் மாட்டியும் இப்படிக் குளறுபடி செய்திருந்தால், முதலில் கோபப்பட்டிருப்பவர் டாக்டர்தான். சட்டத்தோடு சண்டை போடலாம். கதையோடு எப்படிப் போடுவது?

“நான் பிடிச்சுக்கிட்டு நிக்கவா?” என்றார் ஆடிட்டர்.

“போங்க” என்றார் ராணி.

ஆடிட்டர் அலுவலகச் சட்டையோடு, வாலைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மேடையில் ஏற்றினார்கள். ஏறினார். ராணி எங்கே என்று கேட்டார்கள். “அவ வெளியில நிக்கிறா, வரமுடியாத நிலைமை” என்றார். நடுவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். இதுவரை எத்தனையோ பேர் ராணியாக வந்திருக்கிறார்கள், ராணி இல்லாத துயரத்தை இப்படி யாரும் காட்டியதில்லை என்று சொல்லி, வாலுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். வாலை ஏந்திய விசுவாசமான முதியவர் வேஷத்துக்காக ஆடிட்டருக்குத் தனியாக ஒரு ஆறுதல் பரிசு. அவருக்கு முதியவர் என்றதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

வெளியே பூட்டிய கதவோரம் நின்று ஒலிபெருக்கியில் இதையெல்லாம் கேட்ட டாக்டர், முதலில் அழுதார். அப்புறம் சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒரு நல்ல ஒழுங்குமுறை இருந்தா இப்படி நடக்காதுங்க” என்றார். ஆடிட்டர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மறு வருஷம் மாநாட்டை விவரம் தெரிந்தவர்களே நடத்துவது என்று முடிவாயிற்று. ‘அசல் ரசிகர் உறுதிப்பாட்டுக் குழு’ பிறந்தது. எல்லாப் பாகங்களையும் படித்து முடித்திருந்த கால்நடை ஆய்வாளர் ஏகமனதாகத் தலைவர். டாக்டர் மூத்த உறுப்பினர். அரசாங்க மேஜை எடுக்கப்பட்டு, அதைவிட நீளமான மேஜை போடப்பட்டது. சும்மா படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்கள், வேஷம் அழகாக இருக்கிறதே என்று வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஆகிய போலிகளை வடிகட்டுவது குழுவின் வேலை. கேள்விக்குப் பதில் தெரிந்தால் உள்ளே. தெரியாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய் யோசித்துவிட்டு வரலாம்.

ஆடிட்டரும் வந்தார். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்:

“ராணி அழும்போது எந்தக் கண்ணில முதல்ல தண்ணி வரும்?”

“நம்ம வீட்டு ராணிக்கா?”

“பின்னால போங்க.”

ரோபோ பின்னால் போயிற்று. சிறகு பின்னால் போயிற்று. மதியம் தலைவர் டீ குடிக்க வெளியே போய்த் திரும்பினார். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று பெருந்தன்மையாக அவரும் கேள்விக்கு நின்றார். மாட்டிக்கொண்டார். ரப்பர் பூட்ஸோடு கடைசிக்கு நடந்தார்.

சாயங்காலம் டாக்டரின் போன் அடித்தது. பின்னணியில் ஒரே கும்மாளம்.

“இங்க ரொம்ப நல்லா இருக்கு” என்று ஆடிட்டர் கத்தினார். “ரோபோ டான்ஸ் ஆடுறார். சிறகுக்காரர் எல்லாருக்கும் விசிறி விடுறார். புத்தகமெல்லாம் கை மாறுது. உள்ள எப்படி?”

டாக்டர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். காலி நாற்காலிகள். காலி மேடை. குழு உறுப்பினர்கள் ஆளுக்கொரு மூலையில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“உள்ள யாரும் இல்லீங்க. ஆனா எல்லாம் ஒழுங்கா இருக்கு.”

“அப்ப வெளிய வந்துடேன்.”

“குழுவுல இருக்கறவங்க வெளிய வரணும்னா தலைவர் கையெழுத்து வேணும்.”

“அவர் எனக்குப் பின்னாலதான் நிக்கிறார். வாங்கிட்டு வரட்டுமா?”

“உள்ள வந்துதாங்க போடணும்.”

“உள்ள விட்டுடேன் அவரை!”

“தப்பான கண்ணைச் சொல்லிட்டாருங்க” என்றார் டாக்டர்.

பொழுது போகாத உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். மூத்த உறுப்பினரிடம் சேனாதிபதியின் குதிரைக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். டாக்டர் மனசு முழுக்க வெளியே கேட்ட பாட்டிலேயே இருந்தது. பெயர் வரவில்லை. போலி என்று தெரிந்த பிறகு அவரை உள்ளே வைத்திருக்க முடியாது. கையெழுத்து இல்லாமல் வெளியே அனுப்பவும் முடியாது. ஆகவே வாசற்படியில் நிறுத்தி வைத்தார்கள்.

ஆனால் வாசற்படியில் நிற்பதற்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்பது பற்றி விதிகளில் எதுவும் இல்லை. இந்தக் குறையைச் சரிசெய்ய இப்போது தனியாக ஒரு வாசற்படிக் குழு அமைக்கிறார்கள். அதில் சேர்வதற்கு, மாநாட்டுக்கு வந்ததைவிடப் பெரிய வரிசை நிற்கிறது.