மேல் வரியை அமுக்கியவன்

டோவர், டாஸ்மேனியா
ஜூன் 14

வீடியோ கேம் ஆடுபவர்களுக்காகப் பத்திரிகை நடத்தும் ஆசிரியர் அம்மா அவர்களுக்கு, மெர்வின் டக்கெட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழையையும் என் முழங்காலையும் தவிர எல்லாம் சுகம். அங்கே தாங்களும் தங்கள் வாசகர்களும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுபத்து நான்கு வயது. இது நான் எழுதும் முதல் கடிதம். இதுவரை வந்ததற்கே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது.

‘சேற்றுத்துறை’ என்கிற விளையாட்டைத் தங்கள் வாசகர்கள் அவசியம் ஆட வேண்டும் என்று சொல்லவே எழுதுகிறேன். பெரிய கம்பெனியின் சரக்கு அல்ல. டுனீடினில் ஒரு கணவனும் மனைவியும் கார் ஷெட்டில் உட்கார்ந்து செய்தது. நண்டுப் படகில் முழங்கால் உடைந்து வீட்டில் கிடந்தபோது, என் தங்கை மகள் ஷோனா இதை டிவியில் மாட்டிக் கொடுத்தாள். அதில் நாம் ஒரு வழிப்போக்கன். ஊர்க்காரர்கள் வந்து ஏதோ கேட்பார்கள், எல்லாம் எழுத்தில். கீழே மூன்று பதில் இருக்கும், ஒன்றை அமுக்க வேண்டும். எனக்கோ வாசிக்கத் தெரியாது. அது யாருக்கும் தெரியாது. பப்பில் சாப்பாடு சொல்லும்போதுகூட கோல் என்கிற என் கூட்டாளியை முன்னால் விட்டு, “அவனுக்கு என்னவோ எனக்கும் அதேதான்” என்று சொல்லியே காலத்தை ஓட்டினேன். கோலுக்கு ஆட்டு ஈரல் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. நாற்பது வருடம் தின்றேன். அதே வழக்கத்தில் இங்கேயும் எப்போதும் மேல் வரியையே அமுக்கினேன். ஊர்க்காரர்கள் சந்தோஷமாகப் போனார்கள். ஷோனா கேட்பாள், “கதை எப்படி மாமா?” “மழை ஜாஸ்தி” என்பேன்.

கூடவே ஹெஸ்டர் என்று ஒருத்தி வருவாள். கால் கொஞ்சம் இழுக்கும், கையில் விளக்கு. இரண்டு குளிர்காலம் எனக்கு முன்னால் நொண்டிக்கொண்டே வெளிச்சம் காட்டினாள். போன பிப்ரவரியில் ஓடக்காரன் ஒருவன் வந்தான், நான் மேல் வரியை அமுக்கினேன், அவள் என்னைப் பார்த்து நான்கு வரி சொன்னாள், ஓடத்தில் ஏறினாள், போய்விட்டாள். அந்த நான்கு வரியும் என் கண்ணுக்கு வெறும் பூச்சி வரிசை. இந்த விளையாட்டில் பின்னால் போகவும் முடியாது, நடந்தது நடந்ததுதான். மறுநாள் நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் பைபஸ் அம்மாள் முன்னால் போய் நின்றேன்.

“இந்த வயசுல எதுக்குப் படிக்கணும்னு தோணிச்சு?”

“ஒரு பொண்ணு ஏதோ சொல்லிட்டுப் போயிட்டா. என்னன்னு தெரியணும்.”

அந்த அம்மாள் பென்சிலை எடுத்தாள்.

வழிப்போக்கன் பையில் வாக்குப் புத்தகம் என்று ஒன்று உண்டு. நாம் கொடுத்த வாக்கெல்லாம் அதில் ஏறும். கடைசிப் பக்கத்தில் திறக்கும், அங்கிருந்து முதல் பக்கத்தை நோக்கி ஒவ்வொன்றாகத்தான் புரட்ட முடியும். ஏப்ரலில் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தேன். ஆற்றைக் கடக்கக் கூலியாக ஹெஸ்டரையே தருவதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னதும் அங்கே இருந்தது. ‘நீ சொன்னபடி போகிறேன். விளக்கில் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். முழங்காலை நனைக்காதே. கோபம் இல்லை.’ நான் வாழ்க்கையில் சொந்தமாக வாசித்த முதல் நான்கு வரி இவைதான். வாசித்துவிட்டேன் என்ற பெருமையில் எழுந்து நின்றேன், என்ன வாசித்தேன் என்று புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

ஓடக்காரன் இப்போது துறையில் நிற்கிறான். உடையாத வாக்கு ஒன்றைக் கொண்டுவந்தால் அவளைத் திருப்பித் தருவானாம். அவளைக் கொடுத்த வாக்கைக் கணக்கில் சேர்க்க மாட்டானாம், அது போக மொத்தம் நாற்பத்தொரு வாக்கு. பக்கம் பக்கமாக வாசித்து வருகிறேன். சவப்பெட்டி செய்பவனின் தங்கையைச் சனிக்கிழமை கட்டிக்கொள்கிறேன் என்றும், அதே சனிக்கிழமை அவள் அக்காளைக் கட்டிக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல்காரனுக்கு மருந்து கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போயிருக்கிறேன். அவன் கல்லறையில் குந்தி மீனைச் சுட்டதும் நான்தான். வாசிக்கத் தெரியாமல் இருந்ததையும் பப்பில் தின்ற ஈரலையும் சேர்த்து ஷோனாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“அட கெழவா, ஊர்ல ஒருத்தர விடாம ஏமாத்தியிருக்கியே.”

“நான் மரியாதைக்குத் தலையாட்டினேம்மா.”

“ஈரலும் மரியாதைக்குத்தானா?” என்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

நாற்பதும் உடைந்தவை. முதல் பக்கம் மட்டும் பாக்கி. இந்தக் கடிதத்தை முடித்ததும் வாசிப்பேன். ஆகவே வாசகர்களே, ஆடுங்கள், ஒவ்வொரு வரியையும் வாசித்து ஆடுங்கள். இவ்வளவு துக்கமான சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தங்கள் பத்திரிகை நீடூழி நடக்கட்டும். தங்கள் முழங்கால்கள் நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மெர்வின் டக்கெட்

பின்குறிப்பு: முதல் பக்கத்தை வாசித்தேன். ‘இந்தத் துறையில் கண்டதையும் கேட்டதையும் வெளியே ஒருவரிடமும் சொல்ல மாட்டேன்.’ உடையாமல் மிஞ்சியது இது ஒன்றுதான்; ஷோனா வீட்டு ஆள், அவளிடம் சொன்னது வெளியே சொன்னதாகாது. ஆகவே அம்மா, தயவுசெய்து மேலே உள்ளதை அச்சிட வேண்டாம். “நீங்க லெட்டர் எழுதினது விளையாட்டுக்கு எப்படி மாமா தெரியும்?” என்கிறாள் ஷோனா. எனக்குத் தெரியுமே. ஒன்பது நாள் எழுதியதைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். நீங்கள் இதை வாசிக்கவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இப்போது என்னால் வாசிக்க முடியும். சீக்கிரம் அனுப்புங்கள், ஹெஸ்டர் அக்கரையில் மழையில் நிற்கிறாள்.