நூடுல்ஸ் மாஸ்டரின் சொந்தக்காரர்கள்

பாப்பாரப்பட்டியில் அதிகச் சொந்தபந்தம் உள்ள ஆள் யார் என்று என்னைக் கேட்டால், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் எந்தக் குடும்பத்தையும் சொல்ல மாட்டேன். நேபாளத்தில் ஏதோ ஒரு மலையிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி ஏறி, ஒரு பையும் ஒரு நீளக் கரண்டியுமாக வந்து இறங்கிய நூடுல்ஸ் மாஸ்டரைத்தான் சொல்வேன். வந்த இரண்டாவது வருஷமே அவருக்கு அந்த ஊரில் அறுபது அண்ணன் தம்பிமார், நாற்பது அக்காமார், ஒரு டஜனுக்கு மேல் மாமன்மார், இரண்டு அப்பா. எல்லாம் வாய்ப்பேச்சு இல்லை. எழுத்தில் இருந்தது.

அப்போது நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருந்தேன். ஒரு தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய ஃபாஸ்ட் ஃபுட். அவர் சட்டியைத் தட்டினால் என் மெஷினில் காகிதம் கோணலாக வரும். அந்த அளவுக்கு நெருக்கம்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. நான்கைந்து பேர் முயற்சி செய்து பார்த்துவிட்டு, வாய் சுளுக்கிக்கொண்டதால் 'மாஸ்டர்' என்று முடித்துக்கொண்டோம். இங்கே வருவதற்கு முன், ஊருக்குப் போவதும் வருவதுமாக மூன்று வருஷம் பெங்களூரில் ஒரு ஓட்டல் சமையல்கட்டில் இருந்தாராம். தமிழ் அங்கே காதில் விழுந்து ஒட்டிக்கொண்டதுதான். அங்கே அவரை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம், 'ஏய்' என்பதைத் தவிர.

கடை திறந்த முதல் நாள், ஏரியூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் வந்து, "அண்ணா, ஒரு எக் நூடுல்ஸ் போடுங்ணா" என்றார். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"அவரு என்னை அண்ணான்னு சொன்னாரு!"

"இங்க எல்லாரும் அப்படித்தாங்க மாஸ்டர். ஒரு சொந்தம் மாதிரி" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் அவர் கடை ஆணியில் ஒரு நோட்டு தொங்கியது. அவரை அண்ணா என்றவர்கள், தம்பி என்றவர்கள், மாமா என்றவர்கள், எல்லாரும் அவரவர் பத்தியில் நேபாளி எழுத்தில் ஏறினார்கள். நான் பொறுப்பாக எடுத்துச் சொன்னேன்: "மாஸ்டர், அது சும்மா மரியாதைக்குச் சொல்றதுங்க. உங்க ஊர்ல சொல்ல மாட்டாங்களா?"

"சொல்வாங்க. எங்க ஊர்லயும் முன்னப்பின்ன தெரியாதவங்களை அண்ணன், அக்கான்னுதான் கூப்பிடுவோம்."

"அப்புறம் என்ன?"

"ஊர்ல சொந்தம் இருக்கறவன் சும்மா சொல்லலாங்க. சொந்தம் இல்லாதவன் நெசமாத்தான் எடுத்துக்கணும்."

சொல்லிவிட்டு என் பெயரையும் அண்ணன் பத்தியில் எழுதிக்கொண்டார்.

தொழிலிலும் அப்படித்தான். முதல் வாரம் ஒருவர் நூடுல்ஸ் தட்டை நீட்டி, "இதுல கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்றார். மாஸ்டர் முகம் வாடிப்போனது. குழந்தையின் தலையில் யாரோ சாம்பலைக் கொட்டச் சொன்ன மாதிரி நின்றார். மூன்று மாதம் கழித்து அவரே நூடுல்ஸ் மேல் சால்னா ஊற்றித் தருவார். வேண்டாம் என்று சொன்ன ஒரு வெளியூர்க்காரரிடம், "எங்க ஊர்ல இப்படித்தாங்க சாப்பிடுவோம்" என்று கோபித்துக்கொண்டார். வத்தல்மலையிலிருந்து ஒருவர் சாமை கொண்டுவந்து கொடுத்தார். ஒரே வாரத்தில் சாமை ஃப்ரைடு ரைஸ் போர்டில் ஏறியது. கொடுத்தவர் சித்தப்பா பத்தியில் ஏறினார்.

சொந்தம் என்று ஆகிவிட்டால் கடமை உண்டல்லவா? மாஸ்டர் ஒரு விசேஷத்தையும் விட்டதில்லை. அந்தக் காலத்து பாப்பாரப்பட்டிக் கல்யாண ஆல்பம் எதை வேண்டுமானாலும் புரட்டுங்கள். குடும்ப போட்டோவில் இரண்டாவது வரிசை, இடது ஓரம், கோட்டுப் போட்டுக்கொண்டு மாஸ்டர் நிற்பார். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து கவனிப்பார்கள்.

ஒருமுறை அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்தார்கள். பெரியவர்கள் கூடி எல்லாம் பேசி முடிக்கிற நேரத்தில் மாஸ்டர் உள்ளே நுழைந்தார். "மூணாவது தம்பியைக் கேக்காம எப்படிங்க பிரிப்பீங்க?" என்றார். கிணறு மட்டுமாவது பொதுவில் இருக்கட்டும் என்று அடம்பிடித்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போய், கடைசியில் கிணற்றைப் பொதுவில் விட்டுவிட்டுக் கலைந்தார்கள். இன்றைக்கும் அந்தக் கிணறு பொதுதான்.

ஆனால் இதெல்லாம் பஞ்சர் கடைக்காரர் சாவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பஞ்சர் கடைப் பெரியவர் எதிர்ச்சாரியில் இருந்தார். வயசுக் காலத்தில் லாரி ஓட்டியவர். மாஸ்டரைப் பார்த்தால் "வா மகனே" என்பார். திடீரென்று ஒரு நாள் போய்விட்டார். ஓசூரிலிருந்து மகன் வந்து மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைக்கத் தயாராக நிற்கிறார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பளபளவென்று இன்னொரு மொட்டை வந்தது. மாஸ்டர்!

வந்தவர் மகனுக்குப் பக்கத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். கூட்டத்தின் அழுகைச் சத்தம் மெல்ல மெல்ல நின்றது. பெண்கள் பக்கம் குசுகுசுவென்று ஆரம்பித்தது.

"யாருடி இது? நேபாளத்துக்காரன் எதுக்கு மொட்டை போட்டிருக்கான்?"

"பெரியவரு அந்தக் காலத்துல வடக்க எல்லாம் லாரி ஓட்டினாரில்ல..."

ஓசூர் மகன் அம்மாவைப் பார்த்தார். அந்தம்மா, "எனக்குத் தெரிஞ்சு அவரு அந்தப் பக்கமெல்லாம் போனதில்லடா" என்று ஆரம்பித்து, பாதியில் யோசனையில் ஆழ்ந்தார். நாற்பது வருஷத் தாம்பத்யம் என் கண் முன்னால் ஆட்டம் கண்டது. நான் விழுந்தடித்து ஓடி, ஆணியிலிருந்த நோட்டைக் கொண்டுவந்து, நடுவீதியில் நின்று விளக்கினேன். பிணத்தை வைத்துக்கொண்டு ஒரு ஊரே சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழுதது நெசம்தானே, நிக்கட்டும் வுடுங்க" என்றார்.

இப்படி இருக்கையில்தான் மாஸ்டரின் மனைவி பிமலாவும் மூன்று வயது மகள் சானுவும் ஊரிலிருந்து வந்தார்கள்.

பிமலா கெட்டிக்காரி. அவருக்குத் தமிழ் தெரியாது. குழாயடியில் பெண்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், இவர் குடத்தோடு நிற்பார், திரும்பி வருவார். பகலெல்லாம் ஒற்றை அறை. ராத்திரி வந்தால் புருஷன் நோட்டைப் பிரித்துச் சொந்தக்காரர்களைப் பற்றிக் கதை சொல்கிறார். எத்தனை நாள் தாங்கும்? இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லிவிட்டாராம்: "நம்ம ஊர்ல பஸ் கண்டக்டரைக்கூட அண்ணன்னுதான் கூப்பிடறோம். அவன் என்னைக்காவது நம்ம வூட்டுக்கு வந்திருக்கானா? இங்க நமக்கு யாரும் இல்ல. நானும் சானுவும் திரும்பிப் போறோம்."

மாஸ்டர் அன்று நூடுல்ஸில் உப்புப் போட மறந்தார். கடைசியில் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இந்த ஊர் வழக்கப்படி சானுவுக்குக் காது குத்துவது. சொந்தக்காரர்கள் வந்தால் பிமலா இருப்பார், பிள்ளையை இங்கேயே பால்வாடியில் சேர்ப்பார். வராவிட்டால் டிக்கெட்.

பத்திரிகை அடிக்க என்னிடம்தான் வந்தார். நான் டைப் அடித்துக்கொண்டே வந்து, "தாய்மாமன் பேரு சொல்லுங்க" என்றேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்! பிமலாவுக்கு ஒரே அண்ணன், அவர் கத்தாரில் கட்டட வேலையில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை.

"உங்க பேரைப் போடுங்க" என்றார் மாஸ்டர்.

"நானா?"

"போன மாசம் பிமலாவைத் தங்கச்சின்னு கூப்பிட்டீங்க. நோட்டுல இருக்குது."

இதில் ஒரு சிக்கல் முளைத்தது. ஏற்கெனவே நான் மாஸ்டருக்கு அண்ணன் பத்தியில் இருந்தேன். டீக்கடைக்காரர் தலையிட்டார். "ஏம்ப்பா, புருஷனுக்கும் அண்ணன், பொண்டாட்டிக்கும் அண்ணன்னா, அந்தக் கல்யாணமே தப்பாச்சேப்பா!" மாஸ்டர் வெலவெலத்துப்போனார். கடையைப் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. முடிவில் அண்ணன் பத்தியிலிருந்து என்னை அடித்து, புதிதாக ஒரு பக்கம் தொடங்கி, அதில் என்னை எழுதினார். அன்றிலிருந்து தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து "மச்சான்! ஒரு ஜெராக்ஸ்!" என்று ஊருக்கே கேட்கும்.

முருகன் கோயிலில், காலை ஏழரையிலிருந்து ஒன்பது. பத்திரிகையை வீடு வீடாக மாஸ்டரே கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்த இடமெல்லாம், "நம்ம வூட்டு விசேஷம், வராம இருப்பமா?" என்றார்கள்.

நான் ஒரு பட்டுப்பாவாடையும் பழத்தட்டும் எடுத்துக்கொண்டு ஏழே காலுக்குப் போனேன். ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஐம்பதும் காலி. மாஸ்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றார். பிமலா சிவப்புப் புடவையில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணி ஆயிற்று. யாரையும் காணோம். எட்டரைக்கு ஒரு ஆடு வந்தது. மாஸ்டர் பழக்கதோஷத்தில் அதன் மேலும் பன்னீர் தெளித்தார்.

"வருவாங்க மச்சான்" என்றார். நான் கையிலிருந்த பத்திரிகையை மறுபடி பிரித்துப் பார்த்தேன். அப்போதுதான் சட்டென்று உறைத்தது. இன்று சந்தை! கோயிலுக்குப் பின்னாலேயே சந்தை மைதானம். பாதிச் சொந்தக்காரர்கள் அங்கே கடை போட்டிருப்பார்கள், மீதிப் பேர் வாங்கிக்கொண்டிருப்பார்கள். சந்தை நாளில் அந்த ஊரில் யாரும் விசேஷம் வைக்க மாட்டார்கள். நோட்டில் எல்லாம் எழுதியவர் இதை எழுதவில்லை. டைப் அடித்த எனக்கும், பத்திரிகை வாங்கியவர்களுக்கும் தோன்றவில்லை. கிழமையை என் கையாலேயே அடித்திருக்கிறேன். பாவி!

ஒன்பதாகப் போகிறது. ஆசாரி ஊசியும் கையுமாக, "எனக்கு இன்னொரு எடத்துல காதுகுத்து இருக்குதுங்க" என்று அவசரப்படுத்தினார். பிமலா மெதுவாக ஏதோ சொன்னார். மாஸ்டர் தலையாட்டினார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"டிக்கெட் எடுக்கச் சொல்லுது மச்சான்."

நான் உட்கார்ந்தேன். சானுவை என் மடியில் வைத்தார்கள். இடது காதில் ஊசி இறங்கியது.

சானு கத்தினாள் பாருங்கள்! மலையில் பிறந்த நுரையீரல். கோயில் மணி மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமும் பறந்தன. பின்னால் சந்தையில் தக்காளி விலை கூவிய குரல்கள் பட்டென்று நின்றன.

"யாரு புள்ளடா அது?"

"மாஸ்டர் புள்ளடா! ஐயோ, காதுகுத்து இன்னைக்குத்தான்டா!"

அவ்வளவுதான். முதலில் அவரைக்காய் விற்கிற அக்கா மடியில் சில்லறை குலுங்க ஓடி வந்தார். பின்னாலேயே கோழிக்காரர் இரண்டு கோழிகளோடு. வத்தல்மலை சித்தப்பா மூட்டையோடு. பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கமாக. பஞ்சர் கடை அம்மா மூச்சிரைக்க வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் நாற்காலி போதவில்லை. வந்தவர்கள் யாரும் வாழ்த்தவில்லை. வாசலிலேயே மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சந்தை நாள்ல எவனாச்சும் காதுகுத்து வெப்பானா? அறிவு வேணாம்?"

"தேதி குறிக்கறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"நாங்க வராம எப்படிய்யா ஊசியை எடுக்கச் சொன்னே? ஒத்தக் காது போச்சே! ஏய் ஆசாரி, நில்லுய்யா!"

அவரைக்காய் அக்கா என் பக்கம் திரும்பி, "நீயெல்லாம் ஒரு தாய்மாமன்!" என்றார்.

பிமலா எழுந்து நின்றுவிட்டார். புருஷனிடம் பதற்றமாகக் கேட்டார். அவர் பதில் சொன்னார். பிமலா மறுபடி கேட்டார். மாஸ்டர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். திடீரென்று பிமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது.

"என்னவாம்?" என்றேன்.

மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "என்ன சொல்றாங்கன்னு கேட்டுது. திட்டறாங்கன்னு சொன்னேன். எல்லாருமான்னு கேட்டுது. எல்லாருந்தான்னேன். அப்படின்னா இவங்க சொந்தக்காரங்கதான், நம்ம ஊர்லயும் விசேஷத்துல இப்படித்தான் திட்டுவாங்கன்னு சொல்லுது."

பஞ்சர் கடை அம்மா பிமலாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. வலது காது ஊரே பார்க்கக் குத்தப்பட்டது. இந்த முறை சானு கத்தவில்லை. கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, சளியும் கண்ணீருமாக என் நெஞ்சில் முகத்தைத் தேய்த்து, தெளிவாக "மாமா" என்றாள். நேபாளியிலும் மாமா மாமாதானாம்.

நான் எங்கள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அக்கா தங்கை கிடையாது. அந்தச் சட்டையைத் துவைக்கப் போட எனக்கு ஒரு வாரம் மனசு வரவில்லை.