டேரிலின் பிக்கப் வண்டி முற்றுகைப் படலம்

வாழ்க டேரில் ஹ்னாட்டியுக்! வின்னிபெக் மாநகரின் வடகோடித் தெருவில், மூச்சுக்காற்றும் மீசையில் உறைந்து முத்தாய்த் தொங்கும் ஜனவரிக் காலையில், பைஜாமா களையாமல், காப்பிக் கோப்பை கீழிறங்காமல், ஒற்றை விரலால் கைபேசியைத் தீண்டி முற்றத்துப் பிக்கப் வண்டிக்கு உயிரூட்டும் பெருந்தகை வாழ்க! தள்ளுபடித் திருநாளில் அவன் வென்று வந்து, விளக்கத்தாளை விரித்தும் பாராமல் குப்பைக்கூடைக்கு ஈந்து, தன் பொற்கரத்தாலேயே வண்டியின் வயிற்றுக்குள் பொருத்திய தொலையியக்கிக் கருவியும் வாழ்க! அது வந்த நாள்முதல் அவ்வீரன் சாவி சுமந்ததில்லை. சாவி வண்டிக்குள்ளேயே, கோப்பை வைக்கும் குழியில் கிடந்தது.

அன்றோ பெருநாள். பனித்தளத்தில் கருங்கல்லைச் சறுக்கிவிட்டு, அது போகும் வழியைத் துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்து இலக்கில் சேர்க்கும் கர்லிங் என்னும் அருங்கலையில் அணித்தலைவியாய் விளங்கிய ஷெர்லீன், டேரிலின் இல்லத்தரசி, குளிர்காலம் முழுதும் மோதி இறுதியாட்டத்தின் வாயிலுக்கு வந்திருந்தாள். பத்து மணிக்கு அரங்கில் நில்லாவிடில் வெற்றிக்கோப்பை எதிரணிக்கு. எதிரணித் தலைவி யாரெனில், அடுத்த வீட்டு ரீட்டா பெசெட். ஷெர்லீனின் ஆட்டக் காலணியும் துடைப்பமும் முந்தைய நாளே வண்டியில் ஏறிவிட்டன.

டேரில் விரல் தீண்டினான், வண்டி உறுமிற்று. ஒரு வாய் காப்பி குடித்தான், வண்டி அணைந்தது. மீண்டும் தீண்ட மீண்டும் உறுமி, மீண்டும் அணைந்து, கதவைத் திறந்து, திறந்த கதவைத் தானே பூட்டி, முகவிளக்குகளைச் சிமிட்டி, முடிவில், தெருவின் நாய்களும் திகைத்து வாயடைக்க, ஊழிக்காலச் சங்கென ஹார்ன் முழங்கியது. டேரில் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டான்.

"ஷெர்லீன்! நம்ம வண்டிய எவனோ ஹேக் பண்ணிட்டான்! கடல் தாண்டி ஒக்காந்துக்கிட்டு எவனோ பெரிய கைகாரன் பண்றான்!"

"கடல் தாண்டி இருக்கறவனுக்கு உன் ஓட்டை பிக்கப்பு எதுக்கு? என் ஷூ உள்ள இருக்கு, டேரில். நேரமாகுது. போய்க் கதவத் திற."

எழுந்தான் வீரன். பைஜாமாமேல் மேலங்கி பூண்டான். வலக்காற் பூட்ஸை இடக்காலில் ஏற்றினான். பகைவனின் கண்காணா அலைகளைத் தடுக்கவேண்டிச் சமையற்கட்டு அலுமினியத் தாளை உருவிக் கைபேசிக்கு ஏழு சுற்றுக் கவசம் அணிவித்தான். பகைவன் ஆணை உள்ளே வரவில்லை என்பது மெய்யே. டேரிலின் ஆணையும் வெளியே போகவில்லை. பனிவாரும் மண்வெட்டியை வேலென ஏந்தி வண்டியை வலம்வந்து, கண்ணாடியை நோக்கி ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. புதுக் கண்ணாடியின் விலை அவனுக்குத் தெரியும்.

அவ்வேளை, கூந்தல் சுருட்டும் உருளைகளைக் கழற்றாத ரீட்டா, கைபேசியைக் கசக்கிப் பிழிந்தவாறு தன் வீட்டு வாசலில் தோன்றினாள்.

"எத்தன தடவதான் அமுக்குறது! என் வண்டி செத்த பொணமாட்டம் கெடக்கு!" என்று அமுக்கினாள்.

டேரிலின் வண்டி முழங்கியது. ஷெர்லீன் வெளியே வந்தாள்.

"ரீட்டா," என்றாள் ஷெர்லீன் மெல்ல. "இன்னொரு வாட்டி அமுக்கு."

மீண்டும் முழங்கியது.

"அதே தள்ளுபடியில நீயும் இந்தக் கருமத்த வாங்கினியா?"

"ஆமா," என்றாள் ரீட்டா.

"வந்த நம்பர மாத்தணுமாமே, அத ரெண்டு பேரும் மாத்தினீங்களா?" என்று ஷெர்லீன் கேட்டு முடிக்குமுன், "எந்த நம்பரு?" என்று மற்ற இருவரும் ஒரே குரலில் கேட்டுவிட்டனர்.

ஆலையிலிருந்து வரும்போதே எல்லாக் கருவிக்கும் நான்கு சுழியமே மறையெண். ரீட்டாவின் கார் வீட்டின் மறுபக்கம். டேரிலின் வண்டியோ அவள் சமையற்கட்டு ஜன்னலடியில். அவள் கைபேசி அருகிலிருந்த கருவியையே பற்றிக்கொண்டது; டேரில் தன் கைபேசியைக் கவசத்துள் பூட்டிய வேளையில் அதை முழுதாய்க் கைப்பற்றி, இனி அவன் தீண்டலுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது.

இப்போது பாருங்கள், விதியின் விளையாட்டை! கோப்பை ரீட்டாவின் கட்டைவிரல் நுனியில் இருந்தது. அவள் கதவைத் திறக்காதிருந்தால் ஷெர்லீன் வெறுங்கையோடு நிற்பாள். ஷெர்லீன் கெஞ்சவில்லை, கண் மட்டும் கலங்கியது. ஆனால் கருவியை நம்பி, இரவு காருக்குச் சூடேற்றும் மின்கம்பியைச் செருக மறந்திருந்த ரீட்டாவின் கார் கல்லாய் உறைந்திருந்தது.

"நானும் ஏறிக்கறேன். சரியா?"

"ஏறித் தொலை."

அமுக்கினாள், திறந்தது. பகைத்தலைவியர் இருவரும் ஒரே இருக்கையில் நெருங்கியமர, நடுவில் இரு துடைப்பங்கள் ஒன்றையொன்று முறைக்க, டேரில் பனிப்புழுதி பறக்கத் தேரோட்டினான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே ஒரு கல் வித்தியாசத்தில் ஷெர்லீன் வென்றாள்.

மாலையில், கோப்பை ஜன்னலில் மின்ன, ஆட்டத்தின்போது அரங்கில் அமர்ந்து ஆழ்ந்து சிந்தித்து மறையெண்ணை மாற்றியிருந்த மாவீரன், வேலியோரம் நின்று ரீட்டாவும் தெருவும் திக்கெட்டும் கேட்க அறைகூவினான்: "இனிமே எப்பேர்ப்பட்ட கில்லாடி வந்தாலும் என் வண்டியத் தொட முடியாது! யோசிச்சு யோசிச்சு வெச்சிருக்கேன்!"

அவன் வைத்த புது எண், வாசற்கதவில் பெரிதாக எழுதியிருக்கும் வீட்டு எண்.