மூன்று வருஷத் தீய்ந்த பால்

கொல்லிமலையில் எந்த நோயும் எங்கள் டாக்டரிடம் தன் பிறந்தநாளைச் சொல்லாமல் தப்பியதில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டுக் கேட்டே மலை முழுக்க அவருக்கு 'எப்பருந்து டாக்டர்' என்றுதான் பெயர். முள் குத்தி வந்தவனையும் அவர் விடவில்லை.

"எப்பருந்துங்க வலி?"

"இப்பத்தானுங்க குத்துச்சு."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால முள்ளு செடியில இருந்துச்சுங்க சாமி."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

என் கணவர் செம்மேட்டில் பள்ளி ஆசிரியர். தலைவலியும் வாந்தியுமாக அவரைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையில் கட்டி என்றார்கள். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு, "இரண்டு மாதம்" என்று பொறுப்பாகச் சொன்னேன். இவ்வளவு வேகம் என்றால் வேறெங்கோ இருக்கும் புற்று மூளைக்குப் பரவியிருக்கும், கத்தி வைத்துப் பயனில்லை என்று அனுப்பிவிட்டார்கள். டோலியில் மலையேற்றிக் கொண்டுவந்தோம்.

டாக்டர் நோட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னால என்னங்க அம்மணி? கோவம்? மறதி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவரு கோவமே படமாட்டாருங்க. புள்ள அழுவுதுன்னு ஓடுவேன், பாலு தீஞ்சுரும். மூணு வருசமா அந்தப் பாலத்தான் ஒரு வார்த்த சொல்லாமக் குடிக்கிறாருங்க."

அதை நான் அன்பு என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் கணவரின் கண்ணைக் கட்டினார். மூக்கருகே காப்பித்தூள், பூண்டு, கடைசியில் பழுத்த பலாச்சுளை. பக்கத்து வீட்டுக்காரர்களே எட்டிப் பார்த்துவிட்டார்கள். கணவரோ, "ஏனுங்க டாக்டர், எப்பத்தான் காட்டப் போறீங்க?" என்றார்.

"சபாஷ்!" என்று டாக்டர் குதித்தார். மனிதர் சாகக் கிடக்கிறார், இவர் சபாஷ் போடுகிறாரே என்று பதறினேன்.

"பரவி வர்ற கட்டி வாரக்கணக்குல வளருமுங்க. இது வருசக்கணக்கா மெதுவா வளந்து, மோந்து பாக்கற நரம்ப நசுக்கியிருக்குது. மூளைய மூடியிருக்கற சவ்வுல முளைச்ச சாதுக் கட்டியா இருக்கோணும். எடுத்துறலாமுங்க அம்மணி!"

மறுநாள் டோலியோடு அவரும் இறங்கினார். ஆஸ்பத்திரியில் நோட்டைத் திறந்து, தீய்ந்த பால் கதையைச் சத்தமாக வாசித்தார். பெரிய டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு அவரே காப்பித்தூள் கொண்டுவரச் சொன்னார். நெஞ்சைப் படமெடுத்து, உடம்பு முழுக்கத் தேடினார்கள். வேறெங்கும் கட்டி இல்லை. அறுவையில் எலுமிச்சை அளவுக் கட்டி முழுசாக வெளியே வந்தது. சோதித்துவிட்டுப் புற்று இல்லை என்றார்கள்.

திரும்பும்போது கணவர் நடந்தே மலையேறினார்; காலி டோலி பின்னால் வந்தது. செம்மேட்டுச் சந்தையே டாக்டரைச் சூழ்ந்துகொண்டது.

"நான் கேட்டேன், அவ்வளவுதானுங்க. கண்டுபுடிச்சது இந்த அம்மணி!" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

அது உண்மையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர் என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நடந்துவிட்டார். அத்தனை சந்தோஷமாக நடந்த மனிதரைப் பொய்யராக்க எனக்கு மனம் வரவில்லை.