கங்காணி கால் தாண்டிய கதை

உலகத்தில் முதல் நிமிடப் புலி என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கல்யாணப் பந்தியில் முதல் சோற்றிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு, பாயசம் வரும்போது இலையை வெறித்துப் பார்க்கிறாரே, அவர். பஜனையில் முதல் பாட்டிலேயே தொண்டையைக் கிழித்துக்கொண்டு, மூன்றாவது பாட்டுக்கு வெறும் வாயசைக்கிறாரே, அவரும்தான். ஆனால் இந்த இனத்தின் முழு அழகையும் ஜப்பான் குஸ்திப் பாயில்தான் பார்க்க வேண்டும். அதற்கு மாயாண்டி கங்காணியை விட்டால் ஆள் கிடையாது.

மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்குகிற கங்காணி அவர். ஞாயிறுதோறும் ரயிலேறி ஈப்போ போவார். அங்கே முடிவெட்டுகிற ஜப்பான்காரர் ஒருவர், கடைக்குப் பின்னால் மரத்தூள் மூட்டைகளின் மேல் பாய் விரித்து இந்தக் குஸ்தியைச் சொல்லிக்கொடுத்தார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒருவன் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் தூக்கி வேலி போடுவான். மற்றவன் அந்த வேலியைத் தாண்டிப் போய் அவன் நெஞ்சை அமுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கங்காணி ஐந்து மாதமாகத் தாண்டவில்லை.

வேலி போடுகிறவன் ஜவுளிக்கடை சலாஹுதீன். துணி அளக்கிற கம்பு மாதிரி உடம்பு. ஜப்பான்காரர் கை தட்டி முடிப்பதற்குள் கங்காணி பாய்வார். இடது பக்கம் பாய்வார், அங்கே ஒரு கால் இருக்கும். வலது பக்கம் பாய்வார், அங்கேயும் ஒரு கால். மேலே விழுவார், இரண்டு காலும் வயிற்றில் ஊன்றி அவரை வந்த வழியே அனுப்பி வைக்கும். இத்தனையும் ஒரு நிமிடம். பிறகு தண்ணீர் தீர்ந்த இஞ்சின்.

"பெலான், பெலான்" என்பார் ஜப்பான்காரர். மெதுவாக, மெதுவாக என்று மலாயில் சொல்வது. காதில் விழுந்தால்தானே? தோற்றதற்குத்தான் காரணம் கைவசம் இருக்கிறதே! பாய் வழுக்கியது. காலையில் மரவள்ளிக்கிழங்கு தின்றிருக்கக் கூடாது. படுத்துக்கொண்டு சண்டை போடுகிறவனும் ஓர் ஆம்பளையா?

வேடிக்கை என்னவென்றால், இதே மனிதர் தோட்டத்தில் நிதானத்தின் மறு அவதாரம். பாலுக்காக ரப்பர் மரம் சீவுகிறவர்கள் கொஞ்சம் கைவேகம் காட்டினால் போதும்.

"ஏய், என்னா ஓட்டம்? மரத்துக்குக் காயம் படுது! மரத்தக் கேட்டுச் சீவு!"

அந்தக் குரலுக்குக் காட்டுக் குரங்கும் கிளை மாறும்.

இப்படியே காலம் போயிருக்கும். கங்காணியின் வாய் சும்மா இருக்குமா? ஈப்போ திடலில் ஜப்பான்காரர் ஊருக்குக் குஸ்தி காட்டப்போவதாகச் சொன்னார். ஐந்து நிமிடத்துக்குள் காலைத் தாண்டினால் வெற்றி. விடியற்காலையில் ஆள்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில் கங்காணி மீசையைத் தடவினார். "வந்து பாருங்க. ஒரே நிமிசம்."

வந்துவிட்டார்கள். ரயிலில் இரண்டு பெட்டி நிறைய. திடலைச் சுற்றித் தோட்டமே நிற்பதைப் பார்த்த பிறகுதான் கங்காணிக்கு விஷயம் உறைத்தது. இன்றைக்கு மண்ணைக் கவ்வினால், நாளைப் பெரட்டில் இந்தக் குரலுக்கு எவன் நடுங்குவான்?

அந்தப் பயத்தில் நிதானம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? இரண்டு மடங்கு பாய்ந்தார்.

"வாங்கண்ணே" என்றான் சலாஹுதீன், படுத்தபடியே. "வந்தவரு வாசல்லயே நிக்கிறீங்களே. உள்ள வாங்க."

மறுபடி பாய்ந்தார். மறுபடி வாசல். ஒரு நிமிடம் முடிந்தது, கங்காணியும் முடிந்தார். நாக்கு தள்ள, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல். போன வாரம் மரத்தடியில் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட செல்லாயி.

"கங்காணியாரே, என்னா ஓட்டம்? மரத்துக்குக் காயம் படுது! மரத்தக் கேட்டுச் சீவுங்க!"

திடல் குலுங்கியது. பதிலுக்குத் திட்ட மூச்சு வேண்டாமா? அது இல்லை. பாயவும் இல்லை. இருந்தது உடம்பின் கனம் ஒன்றுதான். அதை அந்த முழங்காலின் மேல் போட்டார். கால் தரையில் சாய்ந்தது. அடுத்த பாய்ச்சல் எப்போது என்று காத்திருந்த சலாஹுதீனுக்கு ஒன்றும் புரியவில்லை, பாய்ச்சலே வரவில்லை. கங்காணி தலையை அவன் வயிற்றில் சாய்த்து இளைப்பாறினார். பிறகு தன் முழங்காலை அவன் தொடைக்கு மேல் நகர்த்தினார். ஒரு மூச்சு. இன்னொரு விரற்கடை. ஒரு மூச்சு. நான்காவது நிமிடத்தில் நெஞ்சின் மேல் நெஞ்சு.

ஜப்பான்காரர் கை தட்டினார். வேலி தாண்டியாயிற்று.

எழுந்ததும் முதல் காரியமாக மீசையைத் தேடினார். "பாத்தியா செல்லாயி? மின்னல் மாதிரி போனேன்ல?"

"பாத்தேன் கங்காணியாரே. கண்ணு வலிக்கிற வரைக்கும் பாத்தேன்."

மறுநாள் மரத்தடியில் ஒருத்தி கைவேகம் காட்டினாள். "ஏய், என்னா ஓ..." என்று ஆரம்பித்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பாலை விட்டுவிட்டு அவர் முழங்காலைப் பார்த்தார்கள். இருமிக்கொண்டே அடுத்த மரத்துக்கு நடந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போ பாயில்? கை தட்டும் முன்பே பாய்ந்தார்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் கங்காணி ஜெயித்தாரா என்று பார்க்க, நடுவில் நாலு பத்தியைத் தாண்டி நேரே இங்கே குதித்தவர் யாராவது இருந்தால், தயவுசெய்து மேலே போய், பெலான் பெலானாக வாசித்துக்கொண்டு வாருங்கள்.

பெலான் என்றால் என்னவென்று தெரியவில்லையா? அப்படியானால் நீங்கள்தான்.