இன்டர்நெட்டுக்கு முறை வைத்த விவரம்

தஞ்சாவூர்,
ஆவணி, 2003.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை துரைராசு அவர்களுக்கு, மைத்துனன் கோவிந்தராசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். சிங்கப்பூரில் தாங்கள் நலமா என்று கேட்கத்தான் இருந்தேன். நேற்று போனில் போட்ட சத்தத்திலேயே உடம்பு நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சென்டரின் பொறுப்பாளன் எதற்கு ஏர்மெயிலில் எழுதுகிறான் என்று நினைக்காதீர்கள். என் முறை வியாழக்கிழமைதான் வருகிறது.

அந்த முறைதான் மாப்பிள்ளை விவகாரமே. எங்களுக்கு வரும் இன்டர்நெட் லைன் ஒன்றே ஒன்று. ஆண்கள் விடுதி தலைமடை, பெண்கள் விடுதி கடைமடை. பையன்கள் எந்நேரமும் சினிமாப் பாட்டை இறக்கிக்கொண்டிருந்தால் பெண்கள் பக்கம் ஒரு சொட்டு வருமா? இங்கே விடுதியில் இருக்கும் நம் பாப்பா ஜெயபாரதியே என்னிடம், "ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள நான் துணி தொவச்சுக் காயப்போட்டுட்டு வந்துடறேன் மாமா" என்றாள். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் நம் ஊர் குத்தாலத்தில் என்ன செய்வோம்? முறை வைப்போம். அதையே இங்கும் செய்து, "முறை உள்ளவர்கள் மட்டுமே இணையத்தில் பேசலாம். முறை தவறிப் பேசுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். இருவருக்குள் சம்மதம் இருந்தால் இரண்டு பெயரையும் அலுவலகத்தில் வந்து சொல்லவும்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, போர்டில் ஒட்டினேன். முறையை மாற்றிக்கொள்வதற்குத்தான் அந்தச் சம்மதம்.

மறுநாள் காலையில் என் அறை வாசலில் ரேஷன் கடைக் கூட்டம். வேதாரண்யத்துப் பையன் ஒருவன், "சார், அத்தை மக மட்டும்தானா, ரெண்டுவிட்ட மாமா மகளும் சேருமா?" என்கிறான். இன்னொருவன், "அவங்க எனக்குச் சித்தி முறை ஆகுது சார், மெயில் மட்டும் அனுப்பிக்கட்டுமா?" என்கிறான். என் உதவியாளர் ஜாஃபர் சாதிக் காதருகே வந்து, "நீங்க தண்ணி முறைய எழுதியிருக்கீங்க சார், புள்ளைங்க பொண்ணு முறையப் படிக்குதுங்க" என்றார். நோட்டீஸைக் கிழிக்க ஓடினேன். அங்கே துணைவேந்தர் நின்று படித்துக்கொண்டிருந்தார். "கல்யாணத் தரகு எப்ப ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதோடு விட்டதா? குத்தாலத்துப் பையன் எவனோ ஊருக்குப் போன் போட்டு, "தாய்மாமனே உக்காந்து முறை பாத்துப் பேசவிடறாரு" என்று சொல்ல, அது சுற்றி வளைத்துத் தங்கை காளியம்மாள் காதுக்குப் போக, அவள் தங்களிடம் அழ, தாங்கள், "படிச்சது போதும், பாப்பாவ ஊருக்கு அனுப்புங்க" என்கிறீர்கள். அவளுக்கு இது கடைசி வருஷம் மாப்பிள்ளை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள். பாப்பா எந்தப் பையன் பெயரையும் வந்து சொல்லவில்லை, இது என் தலையில் அடித்துச் செய்யும் சத்தியம். என் தமிழ் செய்த தப்புக்கு அவள் படிப்பு போனால் என்னால் தாங்க முடியாது.

நம் குலதெய்வம் தங்களுக்கு ஆயுளைக் கூட்டி, கோபத்தைக் கொஞ்சம் குறைக்கட்டும்.

இப்படிக்கு,
கோவிந்தராசு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஜாஃபர் வந்து, "உங்க தங்கச்சி மக அன்னைக்கே வந்து ஹாஸ்டல்ல இருக்கற உங்க மகன் குணசேகரன் பேரச் சொல்லிட்டுப் போச்சே சார்" என்கிறார். மேலே செய்த சத்தியத்தை அடித்துவிடவும். முறை என்னவோ சரிதானே என்று வீட்டில் வாய் தவறிச் சொன்னேன். என் வீட்டுக்காரி மங்களாம்பிகை கேசரி கிண்டி, தெருவுக்கே கொடுத்து, காளியம்மாளுக்குப் போனும் போட்டுவிட்டாள். அதன் பிறகுதான் பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவன் அவனோட நேரத்துல தூங்குறான் மாமா. தலைமடைக்காரன் தூங்குனா அந்தத் தண்ணிய நாமதான திருப்பிக்கணும்? கேட்டேன், எடுத்துக்கன்னான்" என்கிறாள். என் நோட்டீஸை நான் நினைத்தபடி படித்த ஒரே ஜீவன் தங்கள் மகள்தான். ஆனால் காளியம்மாளின் அழுகை நின்றுவிட்டது. கட்டிக்கொடுக்கப் போகிற இடத்தில் படிக்கிற பெண்ணை எதற்கு ஊருக்குக் கூப்பிட வேண்டும் என்று அவளே கேட்கிறாளாம். ஆகவே அவள் போனில் சம்பந்தி என்று ஆரம்பித்தால் தாங்களும் "ம்" கொட்டி வையுங்கள். பாப்பா பரீட்சை முடியட்டும். பிறகு நானே உண்மையைச் சொல்லி உதை வாங்கிக்கொள்கிறேன்.